வரிகளை நம்ப வேண்டாம்: பிஜிஎம் படத்தைப் படித்துக் கன்சோலில் காட்டுவது எப்படி?

ஒரு ஜேபெக் படத்தை நோட்பேடில் திறந்தால் புரியாத குறிகளாகக் கொட்டும். அதைப் படமாக்க, சுருக்கியதை விரிப்பதில் தொடங்கி ஏகப்பட்ட கணக்கு இருக்கிறது. அதனால்தான் எல்லோரும் ஆயத்த லைப்ரரியைத் தேடிப் போகிறார்கள். பிஜிஎம் (PGM) என்ற எளிய பட வடிவத்தின் கோப்பு அப்படியில்லை. அதை நோட்பேடில் திறந்தால் எண்கள் தெரியும், அந்த எண்கள்தான் படம். திறந்து பார்ப்பது மட்டுமல்ல, ஒரு படத்தை எண் எண்ணாகத் தட்டச்சு செய்தே உருவாக்கிவிடலாம். லூப், அரே, கோப்பைத் திறப்பது ஆகிய மூன்றும் தெரிந்திருந்தால் போதும், எந்த மொழியிலும் இதற்கு ஒரு நிரல் எழுதிவிடலாம். சி, பைத்தான், ஜாவா எதுவானாலும் வழி ஒன்றுதான் என்பதால், கீழே எல்லாவற்றையும் தமிழிலேயே போலி நிரலாகத் தருகிறேன். உங்கள் மொழிக்கு நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள். கையால் மாற்றி எழுதும்போதுதான் விஷயம் மனதில் நிற்கும்.

இந்தக் குடும்பத்தில் பிபிஎம் (PBM), பிஜிஎம் (PGM), பிபிஎம் (PPM) என்று மூன்று வகை உண்டு. முதலாவது கறுப்பு வெள்ளை மட்டும், இரண்டாவது சாம்பல் நிறத்தின் பல படிகள், மூன்றாவது முழு வண்ணம். ஒவ்வொன்றுக்கும் எழுத்து வடிவம், பைட் வடிவம் என்று இரண்டு முகங்கள். எது எது என்பதைக் கோப்பின் முதல் இரண்டு எழுத்துகள் சொல்லிவிடும். எழுத்து வடிவத்தில் வரிசையாக பி1, பி2, பி3. பைட் வடிவத்தில் பி4, பி5, பி6. (இங்கே ‘பி’ என்று இருக்கும் இடத்தில் எல்லாம், கோப்பில் ஆங்கிலப் பெரிய எழுத்தான P-யைத் தட்டச்சு செய்யுங்கள்.) தொடங்க ஏற்றது பி2. பி1 எளிதாகத் தோன்றும், ஆனால் அதில் இரண்டு குசும்புகள் ஒளிந்திருக்கின்றன, பின்னால் வருகிறேன்.

வேலையில் இறங்கும் முன் ஒரு சின்னப் பழங்கதை, நிரலுக்குத் தேவை என்பதால். 1980களில் ஜெஃப் போஸ்கான்சர் இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளையான பிபிஎம்மை (PBM) உருவாக்கினார். படத்தை மின்னஞ்சலில் வெறும் எழுத்தாக அனுப்ப முடிய வேண்டும் என்பதுதான் நோக்கம். அந்தக் காலத்து அஞ்சல் நிரல்கள் நீளமான வரியைக் கண்டால் தம் இஷ்டத்துக்கு உடைக்கும், இடைவெளியைக் கூட்டும் குறைக்கும். எப்படி உடைத்தாலும் படம் கெடாமல் இருக்க ஒரே வழி, வரி உடைவுக்கு எந்தப் பொருளும் தராமல் விடுவது. அதைத்தான் செய்தார்கள். இந்த வடிவத்தில் இடைவெளி, டேப், புதுவரி எல்லாம் ஒன்றே. எண்களைப் பிரிக்கும் வெற்றிடம், அவ்வளவுதான். கோப்பின் வரியும் படத்தின் வரிசையும் வேறு வேறு. புதிதாக எழுதுபவர்களின் நிரல் உடைவது பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தில்தான்.

முதலில் ஒரு படம் தட்டச்சு செய்வோம்

இணையத்தில் படம் தேட வேண்டாம். நோட்பேடைத் திறந்து இதை அடியுங்கள்:

```
பி2
# ட என்ற எழுத்து
7 5
9
0 0 0 0 0 0 0
0 9 0 0 0 0 0
0 9 0 0 0 0 0
0 9 8 6 4 2 0
0 0 0 0 0 0 0
```

முதல் வரி வகையைச் சொல்கிறது. ஹேஷ் குறியில் தொடங்குவது மனிதர்களுக்கான குறிப்பு, நிரல் அதைத் தாண்டிப் போக வேண்டும். அடுத்து அகலம் 7, உயரம் 5. அகலம்தான் முதலில் வரும், மறக்காதீர்கள். அதன் பிறகு வரும் 9 என்பது உச்ச மதிப்பு: இந்தக் கோப்பில் 0 முழுக் கறுப்பு, 9 முழு வெள்ளை. வழக்கமான படங்களில் இது 255 ஆக இருக்கும். 1 முதல் 65535 வரை எதுவும் இருக்கலாம். மீதமுள்ள 35 எண்களும் பிக்சல்கள், மேல் வரிசையில் தொடங்கி இடமிருந்து வலமாக.

‘ட’வைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அதை இடவலமாகத் திருப்பினாலும், தலைகீழாக்கினாலும், சாய்த்தாலும் உருவம் மாறிவிடும். வட்டம், சதுரம் போன்றவற்றைச் சோதனைக்கு வைத்தால் நிரல் தலைகீழாக வரைந்தாலும் தெரியாது. அகலமும் உயரமும் வேறு வேறு எண்களாக இருப்பதும் வேண்டுமென்றே வைத்ததுதான்.

சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள், ஆனால் ‘பிஓஎம்’ சேர்க்கும் வகையைத் தொடாதீர்கள். அது கோப்பின் தலையில் 239, 187, 191 என்ற மூன்று பைட்களை ஒட்டிவிடும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உங்கள் நிரல் முதல் எழுத்து ‘பி’ இல்லை என்று அடம்பிடிக்கும். நீங்களோ திரையில் ‘பி’யைப் பார்த்துக்கொண்டே தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

இப்போது இதே படத்தை வேறு விதமாக எழுதி, இரண்டாவது கோப்பாகவும் வைத்துக்கொள்ளுங்கள்:

```
பி2 7 5 9 0 0 0 0 0 0 0 0 9 0 0 0
0 0 0 9 0 0 0 0 0 0 9 8 6 4 2 0
0 0 0 0 0 0 0
```

இரண்டும் ஒரே படம்தான். இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தால் மட்டுமே உங்கள் நிரல் சரி.

படிக்கும் பகுதி

பலர் முதலில் எழுதுவது இப்படி: ஒரு வரியைப் படி, அது வகை. அடுத்த வரியைப் படி, அதில் அகலமும் உயரமும். அடுத்த வரி உச்ச மதிப்பு. பிறகு ஒவ்வொரு வரியையும் வெட்டிப் படத்தின் ஒரு வரிசையாக வை. குறிப்பு வரியை நீக்கிவிட்டால், முதல் கோப்புக்கு இது அழகாக ஓடும். இரண்டாவது கோப்பில் முதல் வரியிலேயே சாய்ந்துவிடும். நிஜ உலகில் கிடைக்கும் கோப்புகளோ இரண்டாவது வகைக்குத்தான் நெருக்கம். எழுத்து வடிவத்தில் ஒரு வரி 70 எழுத்தைத் தாண்டக் கூடாது என்பது பரிந்துரை. மூன்று இலக்க எண்ணும் ஓர் இடைவெளியும் என்று கணக்குப் போட்டால் ஒரு வரியில் 17 பிக்சல்தான் கொள்ளும். ஆக, 18 பிக்சல் அகலம் வந்தாலே படத்தின் ஒரு வரிசை கோப்பின் அடுத்த வரிக்கு வழிய வேண்டியதுதான். ஒரு வரிக்கு ஒரே எண் என்று எழுதித் தள்ளும் மென்பொருளும் உண்டு.

அதனால் வரி என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு, ‘அடுத்த சொல்லைக் கொடு’ என்று கேட்டால் தரும் ஒரு ஃபங்ஷனை முதலில் எழுதுங்கள். சொல் என்றால் இங்கே வெற்றிடம் இல்லாமல் தொடர்ந்து வரும் எழுத்துகள்.

```
ஃபங்ஷன் அடுத்த_சொல்():
    லூப்:
        எ = ஓர் எழுத்தைப் படி
        எ கோப்பின் முடிவு என்றால்:
            "கோப்பு பாதியில் முடிந்துவிட்டது" என்று சொல்லி நிறுத்து
        எ வெற்றிடம் என்றால்: லூப்பைத் தொடர்
        எ '#' என்றால்: வரி முடியும்வரை படித்துத் தள்ளு, லூப்பைத் தொடர்
        லூப்பை விட்டு வெளியே வா
    சொல் = எ
    லூப்:
        எ = ஓர் எழுத்தைப் படி
        எ வெற்றிடம் அல்லது கோப்பின் முடிவு என்றால்: சொல்லைத் திருப்பிக் கொடு
        சொல்லின் கடைசியில் எ-வைச் சேர்
```

வெற்றிடம் என்பதில் இடைவெளி, டேப், புதுவரி ஆகியவற்றோடு 13 என்ற எண் கொண்ட ‘கேரேஜ் ரிட்டர்ன்’ எழுத்தையும் சேர்க்க வேண்டும். விண்டோஸில் சேமித்த கோப்பில் ஒவ்வொரு வரியின் இறுதியிலும் 13, 10 என்று இரண்டு எழுத்துகள் இருக்கும். 13ஐ விட்டுவிட்டால் ‘9’ என்ற சொல்லின் வாலில் அது ஒட்டிக்கொள்ளும். எண்ணாக மாற்றும்போது சில மொழிகள் கண்டுகொள்ளாது, சில மொழிகள் பிழை என்று நின்றுவிடும்.

சி மொழிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எண்ணைப் படிக்கும் ஸ்கேன்எஃப் வகை ஃபங்ஷன் வெற்றிடத்தைத் தானே தாண்டிவிடும், அதனால் இந்த வேலையே வேண்டாமே என்று தோன்றும். குறிப்பு இல்லாத கோப்பில் அது சரிதான். ஹேஷ் குறியைக் கண்டதும் அது அங்கேயே நின்று, எண் எதுவும் கிடைக்கவில்லை என்று திருப்பிச் சொல்லும். அந்தத் திருப்பு மதிப்பைப் பார்க்காமல் விட்டால் மாறியில் பழைய குப்பை அப்படியே இருக்கும். கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் ஏற்றுமதி செய்த கோப்பிலேயே இரண்டாவது வரியில் ஒரு குறிப்பு உட்கார்ந்திருக்கும் என்பதால் இதிலிருந்து தப்ப முடியாது. பைத்தானில் குறுக்கு வழி உண்டு: முழுக் கோப்பையும் படித்து, ஒவ்வொரு வரியிலும் ஹேஷுக்குப் பின் இருப்பதை வெட்டி எறிந்து, மிச்சத்தை ஒன்றாக ஒட்டி, வெற்றிடத்தில் பிரித்துவிட்டால் சொற்களின் பட்டியல் கையில். சின்னப் படங்களுக்கு இது போதும்.

இந்த ஃபங்ஷன் தயாரானால் படிக்கும் வேலை முக்கால்வாசி முடிந்தது:

```
வகை = அடுத்த_சொல்()
வகை "பி2" இல்லை என்றால்: "இது எழுத்து வடிவ பிஜிஎம் இல்லை" என்று நிறுத்து
அகலம் = எண்(அடுத்த_சொல்())
உயரம் = எண்(அடுத்த_சொல்())
உச்சம் = எண்(அடுத்த_சொல்())
மூன்றில் எது 1-க்குக் கீழே இருந்தாலும் நிறுத்து
உச்சம் 65535-ஐத் தாண்டினால் நிறுத்து
பிக்சல் = அகலம் × உயரம் அளவுள்ள அரே
0 முதல் அகலம் × உயரம் − 1 வரை ஒவ்வொரு இ-க்கும்:
    ம = எண்(அடுத்த_சொல்())
    ம 0-க்குக் கீழே அல்லது உச்சத்துக்கு மேலே என்றால்: நிறுத்து
    பிக்சல்[இ] = ம
```

இரட்டை அடுக்கு அரே எதற்கும் தேவையில்லை. ஒரே நீள வரிசையாக வைத்துக்கொண்டு, மேலிருந்து ‘வ’ஆவது வரிசை, இடமிருந்து ‘நெ’ஆவது நெடுவரிசை வேண்டுமானால் ‘வ × அகலம் + நெ’ என்ற இடத்தைப் பாருங்கள். எண்ணிக்கை இரண்டுக்கும் 0வில் தொடங்குகிறது.

சோதனைகளைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். உச்சம் 9 என்று சொல்லிவிட்டு நடுவில் 12 வந்தால், அடுத்த கட்டத்தில் பத்து எழுத்து மட்டுமே உள்ள பட்டியலில் பதின்மூன்றாவதைத் தேடுவீர்கள். நிரல் நின்றால் அதிர்ஷ்டம். சி போன்ற மொழியில் நிற்காமல் வேறு எங்கிருந்தோ ஒன்றை எடுத்துக் காட்டும். பிழைச் செய்தியில் எத்தனையாவது பிக்சலில் நின்றது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘தவறான கோப்பு’ என்ற செய்தியால் யாருக்கும் பயன் இல்லை. ‘35 பிக்சல் வேண்டும், 28 தான் இருக்கிறது’ என்றால் ஒரு வரிசை விடுபட்டிருக்கிறது என்று உடனே புரியும்.

திரையில் வரைவது

கன்சோலுக்குப் பிக்சல் தெரியாது, எழுத்துகள்தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு மதிப்புக்கும், திரையில் எவ்வளவு மையைப் பூசும் என்பதைப் பார்த்து ஓர் எழுத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். வெகுகாலமாகப் புழக்கத்தில் இருக்கும் பத்து எழுத்துப் பட்டியல் இது, முதலில் இருப்பது வெறும் இடைவெளி:

```
" .:-=+*#%@"
```

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து காட்டும் கன்சோலுக்கு இது பொருந்தும்: இடைவெளி இருட்டு, ‘@’ பளிச். உங்கள் கன்சோல் வெள்ளைப் பின்னணி என்றால் பட்டியலைத் திருப்பிப் போடுங்கள், இல்லாவிட்டால் படம் பழைய ஃபிலிம் நெகட்டிவ் போல வரும்.

மதிப்பிலிருந்து பட்டியல் இடத்தைக் கண்டுபிடிக்க இந்தக் கணக்கு:

```
இடம் = மதிப்பு × 10 ÷ (உச்சம் + 1)     (மீதியை விட்டுவிடும் வகுத்தல்)
```

பலர் ‘மதிப்பு × 9 ÷ உச்சம்’ என்று எழுதுவார்கள். அதுவும் எல்லை தாண்டாது, ஆனால் பங்கீடு கோணலாக இருக்கும். உச்சம் 255 என்றால், கடைசி எழுத்தான ‘@’ சரியாக 255க்கு மட்டும் கிடைக்கும். 254க்குக்கூட ‘%’ தான். மேலே தந்த கணக்கில் 231 முதல் 255 வரை எல்லாம் ‘@’ ஆகும், பத்து எழுத்துக்கும் ஏறக்குறைய சமமான பங்கு. இன்னொன்று, பெருக்கலை முதலில் செய்யுங்கள். முழு எண் கணக்கில் முதலில் வகுத்தால் எல்லா மதிப்புக்கும் விடை 0, திரையில் ஒன்றும் தெரியாது. நிரல் பிழையே சொல்லாமல் வெற்றுத் திரையைக் காட்டினால் முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம் இதுதான்.

கன்சோலில் ஓர் எழுத்தின் கட்டம் சதுரம் இல்லை, உயரம் அகலத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஒரு பிக்சலுக்கு ஓர் எழுத்து என்று வரைந்தால் முகங்கள் எல்லாம் நீண்டு ஒல்லியாகிவிடும். சின்னப் படத்துக்கு எளிய மருந்து, ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு முறை அச்சிடுவது:

```
ஒவ்வொரு வரிசை வ-க்கும்:
    வரி = ""
    ஒவ்வொரு நெடுவரிசை நெ-க்கும்:
        ம = பிக்சல்[வ × அகலம் + நெ]
        எ = பட்டியல்[ம × 10 ÷ (உச்சம் + 1)]
        வரி-யின் கடைசியில் எ-வை இரண்டு முறை சேர்
    வரி-யை அச்சிடு
```

ஒவ்வோர் எழுத்தாக அச்சிடாமல், வரியைச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்புவது நல்லது. கன்சோலுக்கு எழுதுவது மெதுவான காரியம், பெரிய படத்தில் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

ஓட்டிப் பாருங்கள். இரண்டு கோப்புக்கும் இதுதான் வர வேண்டும் (மேலும் கீழும் ஒவ்வொரு வெற்று வரி இருக்கும்):

```
              
  @@          
  @@          
  @@%%**==::  
              
```

இப்போது வேண்டுமென்றே ஒரு பிழை செய்து பாருங்கள். படிக்கும் இடத்தில் அகலத்தையும் உயரத்தையும் இடம் மாற்றி, அதாவது அகலம் 5, உயரம் 7 என்று வரும்படி வைத்து ஓட்டுங்கள்:

```
          
      @@  
          
@@        
    @@%%**
==::      
          
```

நிரல் எந்தப் பிழையும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். 7 × 5, 5 × 7 இரண்டும் 35தான், எண்கள் குறையவும் இல்லை, மிஞ்சவும் இல்லை. ஆனால் 7க்கு ஒருமுறை உடைய வேண்டிய ஓட்டம் 5க்கு ஒருமுறை உடைந்துவிட்டது, செங்குத்துக் கோட்டின் துண்டுகள் ஆளுக்கொரு பக்கம் சிதறிவிட்டன. இந்தச் சாய்ந்த சிதறலை ஒருமுறை கண்ணால் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எதிர்காலத்தில் எந்தப் பட வேலையிலும் உருவம் படிப்படியாகச் சரிந்து வந்தால், யாரோ அகலத்தைத் தவறாகப் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள்.

நிஜப் படத்துக்கு வருவோம்

கிம்பில் ஏதாவது ஒரு புகைப்படத்தைத் திறந்து பிஜிஎம்மாக ஏற்றுமதி செய்தால், பைட் வடிவமா எழுத்து வடிவமா என்று கேட்கும். எழுத்து வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். இமேஜ்மேஜிக் பயன்படுத்துபவர்கள் சுருக்கம் வேண்டாம் என்ற தெரிவைச் சேர்த்தால்தான் எழுத்து வடிவம் கிடைக்கும், இல்லாவிட்டால் பி5 வந்து நிற்கும். கோப்பின் அளவைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். 640 × 480 படத்தில் 3,07,200 பிக்சல். பைட் வடிவத்தில் ஏறக்குறைய அத்தனை பைட்தான். எழுத்து வடிவத்தில் ஒவ்வொன்றுக்கும் மூன்று இலக்கமும் ஓர் இடைவெளியும் என்றால் 12 லட்சம் பைட்டைத் தாண்டிவிடும். எளிமைக்குக் கொடுக்கும் விலை.

கன்சோலின் மரபான அகலம் 80 எழுத்து. 640 பிக்சலை அதில் அடக்க, படத்தைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்தின் சராசரிக்கும் ஓர் எழுத்து என்று வைக்க வேண்டும். இங்கே எழுத்தின் நீள உருவத்தையும் சேர்த்தே சரிசெய்துவிடலாம்: கட்டத்தின் உயரத்தை அகலத்தைப் போல இரு மடங்காக வையுங்கள், எழுத்தை இரண்டு முறை அச்சிடுவதை நிறுத்திவிடுங்கள். நம் படத்துக்குக் கட்டம் 8 அகலம், 16 உயரம். விளைவு 80 எழுத்து, 30 வரி.

```
கஅ = (அகலம் + 79) ÷ 80
கஉ = கஅ × 2
வ 0-இல் தொடங்கி உயரத்துக்குள், கஉ கஉ-ஆக:
    நெ 0-இல் தொடங்கி அகலத்துக்குள், கஅ கஅ-ஆக:
        கூட்டல் = 0, எண்ணிக்கை = 0
        கட்டத்தில் படத்துக்குள் விழும் ஒவ்வொரு பிக்சலுக்கும்:
            கூட்டல்-இல் அதைச் சேர், எண்ணிக்கை-யை 1 கூட்டு
        ம = கூட்டல் ÷ எண்ணிக்கை
        ம-க்கான எழுத்தை வரியில் சேர்
    வரியை அச்சிடு
```

79ஐக் கூட்டி வகுப்பது மேல்நோக்கி முழுமையாக்கும் தந்திரம். வலது ஓரத்திலும் அடியிலும் கட்டம் படத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதனால்தான் எண்ணிக்கையைத் தனியாக வைத்திருக்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு 128ஆல் வகுத்தால் ஓரங்கள் இருண்டு போகும். சராசரி எடுக்காமல் எட்டுக்கு ஒரு பிக்சலைப் பொறுக்கினாலும் ஏதோ ஒரு படம் வரும். ஆனால் முடி, இலை, வலை போன்ற நுணுக்கமான இடங்களில் புள்ளிப் புள்ளியாகச் சிதறும். நான் சராசரியின் பக்கம். கூடுதலாகச் செலவாவது நான்கு வரி நிரல்தான்.

நல்ல படத்தைத் தேர்ந்தெடுப்பதும் பாதி வேலை. ஒளியும் நிழலும் அழுத்தமாகப் பிரிந்த முகப் படம் பத்தே எழுத்தில் அடையாளம் தெரியும். மங்கலான நாளில் எடுத்த நிலக்காட்சி, நிரல் எவ்வளவு சரியாக இருந்தாலும் ஒரே சாம்பலாகத்தான் வரும். அப்படி வந்தால், படத்தின் உண்மையான சிறும மதிப்பையும் பெரும மதிப்பையும் கண்டுபிடித்து, அந்த இடைவெளியை 0 முதல் உச்சம் வரை இழுத்து விரித்துப் பாருங்கள். ஆச்சரியப்படும் அளவுக்கு மாறும்.

மற்ற இரண்டு சகோதரர்கள்

பி1இன் குசும்புகள் இவை. ஒன்று, அதில் 1 கறுப்பு, 0 வெள்ளை. பிஜிஎம்முக்கு நேர் எதிர். இரண்டு, பிக்சல்களுக்கு நடுவில் வெற்றிடம் கட்டாயம் இல்லை. ‘0110’ என்று ஒட்டி எழுதியிருந்தால் அது நான்கு பிக்சல், நூற்றுப் பத்து என்ற எண் இல்லை. அதனால் அகலமும் உயரமும் நம் ‘அடுத்த சொல்’ வழியாக, பிக்சல்கள் மட்டும் எழுத்து எழுத்தாக என்று படிக்க வேண்டும். அதோடு, பி1இல் உச்ச மதிப்பு என்ற எண்ணே கிடையாது; உயரம் முடிந்ததும் நேராகப் பிக்சல்தான்.

பி3இல் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண். படிப்பதில் புதிதாக ஒன்றும் இல்லை, மூன்று மடங்கு எண்களைப் படிக்க வேண்டும், அவ்வளவே. எழுத்துப் பட்டியலை வைத்துக் காட்ட வேண்டுமானால் சாம்பல் நிறமாக மாற்றிக்கொள்ளலாம்:

```
சாம்பல் = (299 × சிவப்பு + 587 × பச்சை + 114 × நீலம்) ÷ 1000
```

மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் ஆகாதா என்றால், ஆகும், ஆனால் கண் பச்சையைத்தான் அதிகப் பிரகாசமாக உணரும், நீலத்தைக் குறைவாக. நேர் சராசரியில் நீல வானம் தேவைக்கு மேல் வெளுத்துப் போகும்.

உண்மையான வண்ணத்திலேயே காட்டலாம். இன்றைய கன்சோல்களில் பெரும்பாலானவை, 27 என்ற எண் கொண்ட எஸ்கேப் எழுத்தில் தொடங்கும் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும். எழுத்தின் நிறத்தை மாற்ற எஸ்கேப், அதன் பின் சதுர அடைப்பின் திறப்பு, பிறகு `38;2;சிவப்பு;பச்சை;நீலம்`, கடைசியில் ஆங்கிலச் சிறிய எழுத்து எம். 38க்குப் பதில் 48 என்றால் பின்னணியின் நிறம் மாறும். எண்கள் 0 முதல் 255 வரை. கோப்பின் உச்சம் வேறாக இருந்தால் ‘மதிப்பு × 255 ÷ உச்சம்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். பின்னணியை மாற்றி இரண்டு இடைவெளியை அச்சிட்டால் கச்சிதமான ஒரு வண்ணச் சதுரம்.

இதிலேயே இன்னும் அழகான வித்தை ‘▀’ என்ற எழுத்து. அது கட்டத்தின் மேல் பாதியை மட்டும் நிரப்பும். எழுத்தின் நிறமாக மேல் வரிசையின் பிக்சலையும், பின்னணியாக அதற்கு நேர் கீழே உள்ள பிக்சலையும் வைத்தால், ஒரே கட்டத்தில் இரண்டு பிக்சல். எழுத்தின் உயரம் இரு மடங்கு என்று மேலே குறைபட்டோமே, அதுவே இங்கே வசதியாகிவிடுகிறது: ஒவ்வொரு பாதியும் ஏறக்குறைய சதுரம். உயரம் ஒற்றைப்படை எண் என்றால் கடைசி வரிசைக்குக் கீழே ஜோடி இருக்காது, அங்கே பின்னணியை மாற்றாமல் விடுங்கள்.

ஒவ்வொரு வரியின் முடிவிலும், புதுவரிக்கு முன்பே, எஸ்கேப், சதுர அடைப்பு, 0, எம் என்று அனுப்பி நிறத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் சில கன்சோல்களில் வண்ணம் வலது ஓரம் வரை வழியும், நிரல் முடிந்த பிறகும் நீங்கள் அடிக்கும் கட்டளைகள் எல்லாம் அந்த நிறத்திலேயே வரும். விண்டோஸ் 10க்கு முந்தைய கன்சோலில் இந்தக் கட்டளைகள் வேலை செய்யாது, ‘[38;2’ என்று எண்களாகவே கொட்டும். புதியவற்றிலும் சில நேரம் நிரலே இந்த வசதியை இயக்கிவிட வேண்டியிருக்கும். ‘▀’க்குப் பதில் கேள்விக்குறியோ விநோத எழுத்தோ வந்தால், கன்சோல் யூடிஎஃப்-8இல் இல்லை, விண்டோஸில் அதன் கோட்பேஜ் எண் 65001.

பி5, பி6 என்ற பைட் வடிவங்களுக்கு நகர விரும்பினால் தலைப்பைப் படிக்கும் நிரலில் வகைச் சோதனையைத் தவிர வேறு எதிலும் கை வைக்க வேண்டாம், பிக்சல் பகுதிதான் மாறும். கோப்பை பைனரி முறையில் திறக்க வேண்டும். உச்ச மதிப்புக்குப் பின் சரியாக ஒரே ஒரு வெற்றிட எழுத்து, அதற்கு அடுத்த பைட்டிலிருந்து பிக்சல்கள். நம் ‘அடுத்த சொல்’ அந்த ஒன்றை விழுங்கிவிட்டுத்தான் திரும்புகிறது, எனவே கூடுதலாக எதையும் தாண்டக் கூடாது. உச்சம் 255ஐத் தாண்டினால் ஒரு மதிப்புக்கு இரண்டு பைட், பெரியது முதலில். இந்தப் பகுதியில் குறிப்பையோ வெற்றிடத்தையோ தேடவே தேடாதீர்கள்: 35 என்ற மதிப்புள்ள ஒரு அடர்நிழல் பிக்சலும் ஹேஷ் குறியும் ஒரே பைட்தான், 10 என்ற மதிப்புள்ள பிக்சல் புதுவரியேதான்.